பழைய லேப்டாப்பில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ, பிள்ளைகளின் சின்ன வயசுப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் என்று எல்லாமே ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அதைப் பழைய லேப்டாப்பில் செருகினால் ஒன்றும் வராது. இப்படிப் பதறிப்போய்க் கேட்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பழைய லேப்டாப் என்று நான் சொல்வது விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7 காலத்து மெஷின்களை. பிற்பாடு விண்டோஸ் 10-ஓ லினக்ஸோ ஏற்றியிருந்தாலும் அவையும் இதில் சேர்த்திதான்.

படிக்கத் தொடங்கும் முன் ஒன்று. இடையில் எங்காவது ஸ்கிரீனில் "ஃபார்மட்" என்றோ "இனிஷியலைஸ்" என்றோ கேட்டால் கேன்சல் கொடுத்துவிடுங்கள். காரணம் 8ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. "செருகினேன், ஒண்ணுமே வரலை. டிஸ்க் போயிடுச்சா?"

பெரும்பாலும் போயிருக்காது. டிஸ்க் கண்ணுக்குத் தெரிய மூன்று காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். அதற்குப் போதுமான கரண்ட் வர வேண்டும். ஏதோ ஒரு சாதனம் செருகப்பட்டிருக்கிறது என்று லேப்டாப்புக்குப் புரிய வேண்டும். அதில் உள்ளதைப் படித்து விண்டோஸ் அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். உள்ளே தட்டு சுழன்றால் மெல்லிய அதிர்வு தெரியும். அதிர்வே இல்லையென்றால் கரண்ட் அல்லது கேபிள் (கேள்வி 3 முதல் 5 வரை). சுழல்கிறது, ஆனால் விண்டோஸின் செருகல் சத்தம் வரவில்லை என்றால் போர்ட் அல்லது டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள் (கேள்வி 6, 7). சத்தமும் வருகிறது, டிரைவ் மட்டும் இல்லை என்றால் 8ஆம் கேள்விக்குப் போங்கள்.

2. "டிஸ்க் மேனேஜ்மென்ட்டைப் பாருங்கன்னு சொல்றாங்க. அது எங்க இருக்கு?"

எக்ஸ்பி, விஸ்டா, 7 எதுவானாலும் கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து "மேனேஜ்" கொடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் "டிஸ்க் மேனேஜ்மென்ட்" இருக்கும். விண்டோஸ் 10-இல் ஸ்டார்ட் பட்டனிலேயே ரைட் கிளிக் செய்தால் கிடைத்துவிடும்.

கீழ்ப்பாதியில் நீளநீளமான பெட்டிகள் தெரியும். "டிஸ்க் 0" என்பது வழக்கமாக லேப்டாப்பின் சொந்த டிஸ்க். அந்தப் பக்கமே போக வேண்டாம். அடுத்து "டிஸ்க் 1" என்று வருவதுதான் நாம் தேடுவது. கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே நீலப் பட்டை இருந்தால் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) இருக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் பட்டை என்றால் அந்த இடத்தில் பார்ட்டிஷன் எதுவும் இல்லை என்று விண்டோஸ் நினைக்கிறது. நினைக்கிறது என்றுதான் சொல்கிறேன், உள்ளே டேட்டா இருக்கவும் கூடும்.

3. "லைட் எரியுது. சுத்த ஆரம்பிச்சு டிக்குனு நின்னுடுது, மறுபடி ஆரம்பிக்குது."

பழைய லேப்டாப்பில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். யூஎஸ்பி 3.0-இல் அது 900. சட்டைப் பையில் போடுகிற அளவுள்ள 2.5 இன்ச் டிஸ்க் ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளில் 1 ஆம்பியர் வரைகூடப் போகும். பத்து வருடம் உழைத்த போர்ட் அதைத் தாங்காது. மோட்டார் கிளம்பும், மின்னழுத்தம் விழும், நிற்கும், மறுபடி கிளம்பும். லைட் எரிவதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். லைட்டுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்.

சார்ஜரைப் போட்டுவிட்டு முயலுங்கள். மவுஸ், டாங்கிள், கூலிங் பேட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரும் சாதாரண ஹப்பும் வேண்டாம், நேராக லேப்டாப்பில் செருகுங்கள். நீளக் கேபிளில் மின்னழுத்தம் குறையும், ஆகவே அரை மீட்டருக்குள் இருக்கிற தடித்த கேபிள் நல்லது. இடது பக்கப் போர்ட்டில் வராதது வலது பக்கத்தில் வருவதும் உண்டு.

அப்படியும் வராவிட்டால் ஒய் கேபிள். இரண்டு தலை கொண்டது. ஒரு தலை டேட்டாவுக்கும் கரண்டுக்கும், மற்றது கரண்டுக்கு மட்டும். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தனி அடாப்டர் உள்ள ஹப் இன்னும் நல்லது. அடிக்கடி டிஸ்க் போடுபவர்கள் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

4. "என்னோடது பெரிய டிஸ்க். அடாப்டர் தொலைஞ்சுபோச்சு, ரவுட்டர் அடாப்டர் போடலாமா?"

3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி போர்ட்டில் 5 வோல்ட்தான் வரும், எனவே அடாப்டர் இல்லாமல் அது ஓடவே ஓடாது. வேறு அடாப்டர் போடலாம், ஆனால் மூன்றைப் பார்த்த பிறகு: வோல்ட் சரியாக 12 இருக்க வேண்டும்; ஆம்பியர் டிஸ்க் பெட்டியில் எழுதியிருப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும் (பெரும்பாலும் 1.5 அல்லது 2); பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்னப் படம் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும்.

பின் உள்ளே நுழைகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. 9 வோல்ட் ரவுட்டர் அடாப்டருக்கும் அதே பின் இருக்கும், 19 வோல்ட் லேப்டாப் சார்ஜர் சிலவற்றுக்கும் அதே பின் இருக்கும். அந்த 19 வோல்ட் ஒரு நொடியில் போர்டை எரித்துவிடும்.

5. "கேபிள் நல்லாத்தான் இருக்கு. அதே வயர்ல போன் சார்ஜ் ஆகுதே?"

சார்ஜ் ஆவதற்கு இரண்டு கம்பி போதும். டேட்டா போக வேறு கம்பிகள் வேண்டும், மலிவு விலை சார்ஜிங் வயர் பலவற்றில் அவை இருப்பதே இல்லை. போனையும் லேப்டாப்பையும் அந்த வயரால் இணைத்துப் படங்களைக் காப்பி செய்ய முடிந்தால்தான் அது டேட்டா கேபிள்.

யூஎஸ்பி 3.0 டிஸ்க்கின் வாயை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு இடுக்குடன் இரண்டு பகுதியாக இருக்கும், ஒன்று அகலம், ஒன்று குறுகல். அந்த அகலமான பகுதியில் பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யூஎஸ்பி வயர் கச்சிதமாக நுழையும், யூஎஸ்பி 2.0 வேகத்தில் வேலையும் செய்யும். ஒரிஜினல் கேபிளில் சந்தேகம் வந்தால் புதிதாக வாங்குவதற்கு முன் நல்ல டேட்டா கேபிள் ஒன்றை இப்படிப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்த வாய் சீக்கிரம் தளரும் என்பதும் நினைவிருக்கட்டும். கேபிளை லேசாக அசைக்கும்போது லைட் அணைந்து எரிந்தால், அந்த நிலையில் காப்பி எதுவும் செய்ய வேண்டாம்.

6. "நீலக் கலர் போர்ட்ல தெரியலை, கறுப்பு போர்ட்ல தெரியுது. தலைகீழா இல்ல இருக்கு?"

நீலம் பொதுவாக யூஎஸ்பி 3.0. விண்டோஸ் 7-க்குள் அதற்கான டிரைவர் கிடையாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல்தான் முதலில் சேர்த்தார்கள். 2010-க்கும் 2012-க்கும் இடையில் வந்த லேப்டாப்புகளில் தயாரிப்பாளரே அந்த டிரைவரைத் தனியாகப் போட்டுக் கொடுத்தார். பிறகு எங்கோ ஒரு கடையில் விண்டோஸ் 7-ஐ மறுபடி ஏற்றியிருப்பார்கள், டிரைவரை விட்டிருப்பார்கள். லேப்டாப் அடியிலுள்ள மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் யூஎஸ்பி 3.0 டிரைவரை எடுத்துப் போட்டால் சரியாகிவிடும்.

அதுவரை கறுப்புப் போர்ட்டிலேயே பயன்படுத்தலாம். வேகம்தான் குறையும்: யூஎஸ்பி 2.0-இல் நடைமுறையில் விநாடிக்கு 30, 35 எம்பி. 100 ஜிபி காப்பியாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம். நீலப் போர்ட்டில் மெதுவாகச் செருகினால் 2.0 முள்கள் முதலில் தொட்டு, சாதனம் 2.0-ஆகவே பதிவாகிவிடுவதுண்டு. எடுத்துவிட்டு ஒரே மூச்சில் செருகுங்கள்.

7. "டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கு. எந்த சைட்ல டிரைவர் டவுன்லோட் பண்றது?"

எந்த சைட்டிலும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனியாகத் தேவைப்படுவது முந்தைய கேள்வியில் சொன்ன போர்ட் டிரைவர்தான், அதுவும் லேப்டாப் தயாரிப்பாளரிடமிருந்து. டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருள்களால் பாழான லேப்டாப்புகள் நிறைய.

மஞ்சள் குறியுள்ள சாதனத்தை ரைட் கிளிக் செய்து "அன்இன்ஸ்டால்" கொடுங்கள், டிஸ்க்கைப் பிடுங்குங்கள், ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகுங்கள். "கோட் 43" என்ற பிழை விடாமல் வந்தால் லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் போடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி இருப்பது பழைய லேப்டாப்பின் வசதி, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு டிஸ்க் காணாமல் போகிறது என்றால், பவர் ஆப்ஷன்ஸில் "யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்பதை நிறுத்திவையுங்கள்.

8. "டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இருக்கு, மை கம்ப்யூட்டர்ல இல்லை. ஃபார்மட் பண்ணவான்னு வேற கேக்குது!"

இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் படங்களை இழந்தவர்கள். நான்கு விதமாக இருக்கலாம், ஒவ்வொன்றையும் நிதானமாகப் பாருங்கள்.

நீலப் பட்டை, அதில் "என்டிஎஃப்எஸ்" என்றோ "ஃபேட்32" என்றோ (இரண்டும் ஃபைல் அமைப்பின் பெயர்கள்) எழுத்து, ஆனால் டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை. ரைட் கிளிக், "சேஞ்ச் டிரைவ் லெட்டர்", "ஆட்", ஏதாவது ஒரு எழுத்து. எக்ஸ்பியில் இது அடிக்கடி நடக்கும், டிஸ்க்குக்குத் தர நினைத்த எழுத்தை ஏற்கெனவே நெட்வொர்க் டிரைவ் பிடித்து வைத்திருக்கும். விஸ்டாவிலோ அதற்குப் பிறகு வந்ததிலோ "ஆஃப்லைன்" என்று இருந்தால் இடப்பக்கம் டிஸ்க் பெயரில் ரைட் கிளிக் செய்து "ஆன்லைன்" கொடுங்கள்.

"ரா" என்று எழுதியிருந்தால், பார்ட்டிஷன் இருக்கிறது, உள்ளே இருக்கும் ஃபைல் அமைப்பை இந்த விண்டோஸால் படிக்க முடியவில்லை என்று பொருள். படிக்கத் தெரியாததாக இருக்கலாம் (கேள்வி 9, 11) அல்லது கெட்டுப்போனதாக இருக்கலாம். "நாட் இனிஷியலைஸ்டு" என்றால் எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையையே படிக்க முடியவில்லை. இரண்டிலுமே விண்டோஸ் தரும் யோசனை, புதிதாக எழுதிவிடலாம் என்பது. அப்படி எழுதினால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அழியும், மீட்பு பல மடங்கு சிரமமாகும். அதற்குப் பதில் இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கும் இதே கதை என்றால் "டெஸ்ட்டிஸ்க்" என்ற இலவச மென்பொருள் தொலைந்த பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்கும். அதனோடு வரும் "ஃபோட்டோரெக்" படங்களையும் வீடியோக்களையும் தனித்தனியாக எடுத்துத் தரும், பெயர்கள் மட்டும் போய்விடும். எடுத்ததை வேறொரு டிஸ்கில் சேமிக்க வேண்டும், அதே டிஸ்கில் எழுதவே கூடாது.

ஃபார்மட் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அதற்குப் பிறகு எதையும் காப்பி செய்யாமல் நிறுத்துங்கள். க்விக் ஃபார்மட்டாக இருந்தால் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

9. "மச்சான் லேப்டாப்ல நல்லா ஓப்பன் ஆகுது. என் பழசுல மட்டும் ஃபார்மட் கேக்குது."

அப்படியானால் டிஸ்க் நலம். உங்கள் விண்டோஸுக்குத்தான் அந்த அமைப்பு தெரியவில்லை. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்கத் தெரியாது. "ஜிபிடி ப்ரொடெக்டிவ் பார்ட்டிஷன்" என்று மட்டும் காட்டும். விஸ்டாவிலிருந்து படிக்கும். எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பு என்றால் விஸ்டாவுக்கு சர்வீஸ் பேக் 1 வேண்டும், எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 அல்லது 3-உடன் மைக்ரோசாஃப்ட் தனியாக வெளியிட்ட அப்டேட்டும் வேண்டும். மச்சான் வைத்திருப்பது மேக் என்றால், மேக்குக்கே உரிய ஃபார்மட்டாக இருக்கலாம். அதை எந்த விண்டோஸும் தானாகத் திறக்காது.

பெரிய டிஸ்கில் இன்னொரு எல்லை உண்டு. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை 512 பைட் செக்டர் (டிஸ்க்கை எண்ணும் சிறு துண்டு) கணக்கில் சுமார் 2 டிபி வரைதான் எண்ணும். அதற்கு மேல் போக ஜிபிடி வேண்டும், 32 பிட் எக்ஸ்பியில் அது நடக்காது. வழி எளிது: திறக்கிற கம்ப்யூட்டரில் தேவையானதை வேறொரு டிஸ்குக்கு எடுத்துவிட்டு, 15ஆம் கேள்வியில் உள்ளபடி புதிதாக ஃபார்மட் செய்யுங்கள்.

10. "1 டிபின்னு வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 931 சரிதான்.

11. "டிவியில போட்டு ரெக்கார்ட் பண்ணினோம். இப்ப லேப்டாப் கண்டுக்கவே மாட்டேங்குது."

ரெக்கார்டிங் வசதியுள்ள டிவியும் செட்டாப் பாக்ஸும் டிஸ்க்கை முதலில் தங்களுக்கேற்ப ஃபார்மட் செய்துகொள்ளும். பெரும்பாலும் லினக்ஸ் வகை அமைப்பு, நிகழ்ச்சிகள் அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும்படி பூட்டியும் வைக்கும். பழைய ஃபைல்கள் இருந்த டிஸ்க் என்றால், உடனே கழற்றிவிட்டு 8ஆம் கேள்வியில் சொன்ன மீட்பு வேலையைச் செய்யுங்கள். ரெக்கார்டிங் எவ்வளவு ஓடியதோ அவ்வளவு பழையது மேலெழுதப்பட்டிருக்கும்.

ரெக்கார்டிங்குக்குத் தனி டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படங்கள் உள்ளதை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

12. "பிரவுசிங் சென்டர்ல போட்டு எடுத்தேன். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு."

வைரஸ் வேலை. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கும். அவற்றை கிளிக் செய்தால் உங்கள் லேப்டாப்புக்கும் வந்துவிடும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, "ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதில் டிக்கை எடுங்கள். மங்கலான நிறத்தில் அசல் ஃபோல்டர்கள் தெரியும், சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். ஆன்டிவைரஸால் ஸ்கேன் செய்த பிறகு படம், வீடியோ, டாக்குமென்ட் மட்டும் வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

13. "லினக்ஸ் போட்ட லேப்டாப். டிஸ்க் ஓப்பன் ஆகுது, ஆனா காப்பி பண்ண விடலை."

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல மெஷின்களில் பாஸ் லினக்ஸும் இருந்ததால் இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். விண்டோஸில் சரியாக எஜெக்ட் செய்யாமலோ, லேப்டாப் ஹைபர்னேட்டில் இருக்கும்போதோ பிடுங்கிய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை லினக்ஸ் ஜாக்கிரதையாகப் படிக்க மட்டும் திறக்கும். ஒரு விண்டோஸ் மெஷினில் செருகி, முறையாக எஜெக்ட் செய்து கொண்டுவந்தால் எழுதவும் விடும். எக்ஸ்ஃபேட் என்றால் 2020-இல் வந்த 5.7 கர்னலிலிருந்து (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) முழு ஆதரவு உண்டு, பழைய பதிப்பில் அதற்கான பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும்.

விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் லினக்ஸ் உதவும். லைவ் பென் டிரைவிலிருந்து (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடுவது) பூட் செய்து "டிஸ்க்ஸ்" என்ற செயலியைத் திறந்தால், அங்கே டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் கேபிளும் போர்ட்டும் சரி, கோளாறு விண்டோஸில்தான்.

14. "டிஸ்க்கைச் செருகிட்டு ஆன் பண்ணா லேப்டாப்பே ஸ்டார்ட் ஆகலை. கறுப்பு ஸ்கிரீன்தான்."

பூட் வரிசையில் யூஎஸ்பி முதலில் இருக்கிறது, உங்கள் டிஸ்கில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கிறது. பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ்) போய் உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை முதலாவதாக வையுங்கள். அல்லது விண்டோஸ் வந்த பிறகே செருகுங்கள்.

15. "பழசு, புதுசு எல்லாத்துலயும் ஓப்பன் ஆகணும். எப்படி ஃபார்மட் பண்றது?"

2 டிபி வரையுள்ள டிஸ்க் என்றால் எம்பிஆர், அதன் மேல் என்டிஎஃப்எஸ். எக்ஸ்பி முதல் விண்டோஸ் 11 வரை திறக்கும். மேக் படிக்கும், எழுதாது. மேக்கிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட், ஆனால் 9ஆம் கேள்வியின் எக்ஸ்பி சிக்கலை நினைவில் வையுங்கள். திடீரென்று கரண்ட் போனால் என்டிஎஃப்எஸ் அளவுக்கு எக்ஸ்ஃபேட் தாங்காது என்பதால், ஆட்டம் கண்ட போர்ட்டுள்ள பழைய லேப்டாப்புக்கு நான் என்டிஎஃப்எஸ்ஸைத்தான் சொல்வேன். ஃபேட்32 எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும்.

16. "எந்த கம்ப்யூட்டர்ல போட்டாலும் டிக் டிக்னு சத்தம். ஃப்ரீசர்ல வெச்சா சரியாகுமாமே?"

ஆகாது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், மிச்சமிருப்பதும் போகும். 3ஆம் கேள்வியில் சொன்னபடி நல்ல கரண்ட் கொடுத்தும் ஒரே சீரான டிக் சத்தம் வந்தால், ரீட் ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தட்டைக் கீறக்கூடும். உடனே நிறுத்துங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால் தூசியில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். தெருமுனைக் கடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள்.

சத்தம் இல்லை, ஆனால் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது, காப்பி நடுவில் நிற்கிறது என்றால் "கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ" போட்டு 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 மாற்றப்பட்ட செக்டர்கள், சி5 படிக்கத் திணறும் செக்டர்கள். சி5 ஏறிக்கொண்டே போனால் "செக் டிஸ்க்" ஓட்ட வேண்டாம், அது பலவீனமான டிஸ்க்கை இன்னும் வதைக்கும். முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டுமானால் லினக்ஸில் "டிடி-ரெஸ்க்யூ" நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்டதைக் கடைசியில் முயலும்.

17. "டிஸ்க் நல்லாருக்கு, பெட்டியோட போர்டுதான் போச்சுன்றாங்க. உடைச்சு வேற பெட்டியில போடலாமா?"

பல டிஸ்குகளில் முடியும். உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க் (கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் வகை), ஒரு சின்ன போர்டு அதை யூஎஸ்பியாக மாற்றுகிறது. புதுப் பெட்டியில் வைத்தால் வேலை செய்யும். ஆனால் திறப்பதற்கு முன் மாடல் பெயரைத் தேடிப் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகையில் பலவற்றுக்கு யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் சொந்தப் போர்டிலேயே இருக்கும், சாட்டா இணைப்பே கிடையாது. பாஸ்வேர்ட் வைக்காவிட்டாலும் டேட்டாவைச் சங்கேதமாக்கியே எழுதும் போர்டுகளும் உண்டு. போர்டை மாற்றினால் வெறும் குப்பைதான் தெரியும்.

இன்னொரு கண்ணி, 2 டிபிக்கு மேற்பட்ட பெட்டிகள் சிலவற்றில். எக்ஸ்பியிலும் ஓட வேண்டும் என்பதற்காக அந்தப் போர்டு 512 பைட் செக்டர்களை 4096 என்று மாற்றிக் காட்டும். அப்படித்தான் 9ஆம் கேள்வியில் சொன்ன 2 டிபி எல்லையைத் தாண்டுகிறார்கள். டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு பெட்டியில் வைத்தால் கணக்கு பொருந்தாது, "ரா" என்று வரும், ஃபார்மட் பண்ணவா என்று கேட்கும். கேன்சல் கொடுத்துவிட்டு, அதே மாடலின் போர்டு வேறு எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். பொருத்தினால் ஃபைல்கள் இருந்தபடியே வரும்.